தர்மக்காரன் யார்?

கும்பளங்கியில் நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். கொச்சிக்குத் தெற்கே, காயல் சூழ்ந்த சிற்றூர் அது. வீட்டுக்குப் பின்னால் செம்மீன் கெட்டு எனும் இறால் வயல், கெட்டின் வரப்பில் தென்னை, தென்னைக்கு அப்பால் ஒரு சீன வலை. வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். படலைத் தள்ளிக்கொண்டு வயதான ஒருவர் முற்றத்தில் வந்து நின்றார். தோளில் துணிப்பை. வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை.

உள்ளிருந்து நண்பரின் அம்மச்சி குரல் கொடுத்தார்: “மோனே, தர்மக்காரன் வந்நிட்டுண்டு.”

சன்னல் திண்டில் துருப்பிடித்த பழைய பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. பேரன் அதைத் திறந்து நாணயங்களை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தான். பெரியவர் வாங்கிக்கொண்டார், தலையை ஒருமுறை அசைத்தார், போய்விட்டார். அதற்கு முதல் நாள் பேருந்துக்குச் சில்லறை இல்லாமல் நான் அதே டின்னில் கைவைக்கப் போனேன். அம்மச்சி தடுத்துவிட்டார். “அது வேண்டா மோனே, அது அயாள்க்குள்ளதா” என்று சொல்லி, தன் முந்தியில் முடிந்திருந்த காசை அவிழ்த்துத் தந்தார். ‘அது அவருக்கு உள்ளது.’ எவருக்கு என்று அன்று நான் கேட்கவில்லை.

என் காதில் நின்றுவிட்டது ‘தர்மக்காரன்’ என்ற சொல்தான். தமிழ்க் காதுக்கு அது தலைகீழாக ஒலிக்கிறது. வீடு உடையவர் வீட்டுக்காரர், கடை உடையவர் கடைக்காரர், பணம் உடையவர் பணக்காரர். அப்படியானால் தர்மக்காரர் என்பவர் தர்மம் செய்கிறவர் அல்லவா? தமிழில் தர்மவான் என்றாலும் தர்மப்பிரபு என்றாலும் கொடுக்கிறவரைத்தான் சொல்கிறோம். கேட்டு வருகிறவரைப் பிச்சைக்காரர் என்கிறோம். மலையாளத்திலும் பிச்சக்காரன் உண்டு. ஆனாலும் வாசலில் வந்து நிற்கிற ஏழையைத் தர்மக்காரன் என்று அந்த மொழி அழைக்கிறது. கொடுக்கிறவரின் பெருமைச் சொல் வாங்குகிறவரின் பெயராக எப்படி மாறியது? இந்தக் கேள்வியோடு நான் போன தூரம் நினைத்ததைவிட அதிகம்.

‘தர்மம்’ வடமொழிச் சொல். அதன் வேரான ‘த்ரு’ என்பதற்குத் தாங்குதல், பிடித்து நிறுத்துதல் என்று பொருள். எது உலகத்தைச் சரியாமல் தாங்குகிறதோ அது தர்மம். இந்தப் பொருளில் ஏழையும் இல்லை, காசும் இல்லை. நியதி, கடமை, நீதி, ஒழுங்கு என்றுதான் அந்தச் சொல் வாழத் தொடங்கியது. பௌத்தரும் சமணரும் பேசிய பிராகிருதத்தில் அது ‘தம்மம்’ ஆயிற்று. அசோகர் தம் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்பச் சொன்னது அதைத்தான். அவருடைய 2-ஆவது பாறைக் கல்வெட்டு சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் நாடுகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அங்கெல்லாம் மனிதருக்கும் விலங்குக்கும் மருத்துவ ஏற்பாடு செய்ததாகச் சொல்கிறது. தம்மம் என்ற பெருங்கருத்து மூலிகையும் கிணறும் நிழல்மரமுமாக இறங்கி வந்த இடம் அது.

தமிழ்நாட்டில் இச்சொல் கல்லில் ஏறியது மிகப் பழைய காலத்திலேயே. மதுரைக்கு அருகே மாங்குளம் மலையில் சமண முனிவர்களுக்காகச் செதுக்கிய கற்படுக்கைகளும் அவற்றை ஒட்டித் தமிழ் பிராமி எழுத்துகளும் இருக்கின்றன. 1882-இல் இராபர்ட் சூவல் கண்ட அந்தக் கல்வெட்டுகள், தமிழில் நமக்குக் கிடைத்த மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் சேர்பவை. பொ.ஆ.மு. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. நெடுஞ்செழியனின் அலுவலனான கடலன் வழுதி என்பவன் கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி அங்கே இருக்கிறது. அந்தக் கொடையைக் குறிக்கும் சொல் ‘தம்மம்’. ‘நீதி’ என்று பொருள்பட்ட சொல், ஒருவர் இன்னொருவருக்குச் செய்து கொடுத்த படுக்கைக்குப் பெயராக அங்கே நிற்கிறது. ஆகவே இந்தப் பொருள் மாற்றம் நேற்று நடந்ததல்ல. தமிழ் எழுதத் தொடங்கிய நாளிலேயே நடந்து முடிந்திருக்கிறது.

செஞ்சிக்கு அருகே தொண்டூரில் இன்னொரு கல்வெட்டு. சில நூற்றாண்டுகள் பிந்தியது. அங்கேயும் சமணருக்கான கற்படுக்கைதான், அங்கேயும் கொடைதான். ஆனால் அந்தக் கல்லில் உள்ள சொல் ‘அகழூர் அறம்’. மாங்குளத்தில் தம்மம் என்று எழுதிய இடத்தில் தொண்டூரில் அறம் என்று எழுதியிருக்கிறார்கள். தமிழின் அறமும் வடமொழியின் தர்மமும் ஒரே பாதையில் நடந்திருக்கின்றன. இரண்டும் நீதியில் தொடங்கி, கொடையில் வந்து சேர்ந்தன. இன்றும் அப்படித்தான். அறத்துப்பால் என்றால் ஒழுக்க நெறி. அறக்கட்டளை என்றால் டிரஸ்ட். கோயில் சொத்துகளைப் பார்த்துக்கொள்ளும் அரசுத் துறைக்கு அறநிலையத் துறை என்று பெயர். ஒரே சொல்லை ஒரு நாளில் இரண்டு பொருளிலும் எவ்விதத் தடையும் இல்லாமல் புழங்குகிறோம்.

கொடுத்தலுக்குத் தமிழில் வேறு சொல் இல்லாமலா இப்படி? ஏராளமாக இருந்தன. ஈகை, கொடை, வண்மை, ஐயம், பலி என்று அடுக்கலாம். கேட்பதற்குக்கூடத் தமிழ் மூன்று சொல் வைத்திருந்தது. தொல்காப்பியம் அதற்கு விதி சொல்கிறது. தாழ்ந்த நிலையில் இருப்பவர் கேட்கும்போது ‘ஈ’ என்பார். ஒத்த நிலையில் இருப்பவர் ‘தா’ என்பார். உயர்ந்த நிலையில் இருப்பவர் ‘கொடு’ என்பார். ஒரு வினைச்சொல்லைக் கேட்டாலே கேட்பவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று தெரிந்துவிடும். புறநானூற்றில் ஒரு புலவர் ஈ என்று இரப்பது இழிவு என்கிறார். கேட்டவருக்கு இல்லை என்பது அதைவிட இழிவு என்று உடனே சேர்க்கிறார். ஔவையின் ஆத்திசூடி ஏற்பதை இகழ்ச்சி என்று எச்சரிக்கிறது. அடுத்த வரியிலேயே இரப்பவருக்கு இட்டபின் உண்ணச் சொல்கிறது. ஈகை என்ற சொல்லுக்குள் இந்தப் படிக்கட்டு இருக்கிறது. மேலே ஒரு கை, கீழே ஒரு கை.

வள்ளுவர் இதைக் கவனித்திருக்க வேண்டும். குறளில் ஈகை 23-ஆம் அதிகாரம். அதற்கு முன்பாகவே, 22-ஆம் அதிகாரமாக, ‘ஒப்புரவறிதல்’ என்று ஒன்றை வைத்திருக்கிறார். ஈகை இல்லாதவருக்குக் கொடுப்பது. ஒப்புரவு, ஊரோடு ஒத்து வாழ்கிறவன் தன் செல்வத்தை ஊர்க் குளத்து நீர்போலவும் ஊர் நடுவே பழுத்த மரம்போலவும் வைத்திருப்பது. குளத்தில் தண்ணீர் மொள்ளுகிறவர் குளத்துக்கு நன்றி சொல்லித் தலைகுனிய வேண்டியதில்லை. ‘ஒப்பு’ என்ற வேரே சமநிலையைச் சொல்கிறது. கொடுப்பவர் மேலே, வாங்குபவர் கீழே என்ற படிக்கட்டை இடிக்கும் சொல் தமிழில் அன்றே இருந்தது. அறமும் தர்மமும் அந்த வேலையைத்தான் செய்தன. ‘நான் உனக்கு இரங்கித் தருகிறேன்’ என்பதற்குப் பதில் ‘இது முறை, அதனால் செய்கிறேன்’ என்று சொல்ல அவை இடம் கொடுத்தன.

*

கும்பளங்கியிலிருந்து வடக்கே பேருந்தில் போனால் மட்டாஞ்சேரி. இத்தனை மொழிகள் தோளோடு தோள் உரசும் தெருக்கள் தென்னிந்தியாவில் வேறெங்கும் அபூர்வம். மலையாளமும் கொங்கணியும் குஜராத்தியும் கச்சியும் உருதுவும் கேட்கும். பக்கத்து ஃபோர்ட் கொச்சியின் டோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் குடும்பங்கள் தமிழ் பேசுகின்றன. சுக்கும் மிளகும் மணக்கும் ஜூ டவுன் தெருவின் கோடியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம் இருக்கிறது. அதன் மணிக்கூண்டில் ஒரு முகத்தில் ஹீப்ரு எண்களும் இன்னொரு முகத்தில் மலையாள எண்களும் ஒரே மணியைக் காட்டும்.

பெயர்ப்பலகையில் இருக்கும் ‘பரதேசி’ தமிழர் கண்ணில் முதலில் உறுத்தும். நமக்கு அது வசைச்சொல். அங்கே அதன் பழைய பொருள் அப்படியே இருக்கிறது: வேறு தேசத்திலிருந்து வந்தவர். ஸ்பெயினிலிருந்தும் போர்த்துகலிலிருந்தும் துரத்தப்பட்டு வந்த யூதர் வழியினர் எழுப்பிய ஆலயம் என்பதால் அந்தப் பெயர். அவர்களுக்கு முன்பே இங்கே யூதர் இருந்தார்கள். கொச்சங்ஙாடியில் இருந்த பழைய ஜெபாலயத்தின் 1344-ஆம் ஆண்டுக் கல் இன்று இந்த ஆலயத்தின் சுவரில் பதிந்திருக்கிறது. அதற்கும் முன்னால், பொ.ஆ. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடுகளைக் கொச்சி யூதர்கள் உயிர்போலக் காத்தார்கள். வட்டெழுத்தில் உள்ள அந்த மொழி தமிழருக்கு அந்நியமல்ல. மன்னன் கொடுத்த எழுபத்திரண்டு உரிமைகளை அது ‘வீடுபேறு’ என்கிறது. நமக்கு வீடுபேறு என்றால் மோட்சம். அங்கே அது உரிமை: அரசன் விட்டது வீடு, குடி பெற்றது பேறு.

அந்த யூதர்கள் ஏழைக்குக் கொடுப்பதைச் சொல்லும் ஹீப்ருச் சொல் ‘செதாக்கா’. உலகமெங்கும் யூத வீடுகளில் அதற்கென ஓர் உண்டியல் இருக்கும். ஓய்வுநாள் விளக்கேற்றும் முன் அதில் காசு போடுவார்கள். செதாக்காவின் வேர் ‘செதெக்’. அதற்குப் பொருள் நீதி. எபிரேய வேதத்தில் செதாக்கா என்றால் நேர்மை, நியாயம். பிற்கால யூத அறிஞர்களின் மொழியில் அதே சொல் ஏழைக்குக் கொடுப்பதைக் குறிக்கலாயிற்று. தர்மம் நடந்த அதே பாதை. வேறு மொழிக் குடும்பம், வேறு கடவுள், வேறு வேதம். ஆனாலும் மாங்குளத்துக் கல்லில் நடந்தது அங்கேயும் நடந்திருக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவர்களுக்குத் தெரிந்த ‘மெல்கிசேதேக்’ என்ற பெயரில் இதே வேர் இருக்கிறது. அதன் பொருள் நீதியின் அரசன். அதைத் தமிழில் சொல்லச் சொன்னால் நாம் தயங்காமல் சொல்லக்கூடியது ‘தருமராசன்’.

நீதி என்று பெயர் வைத்தால் விளைவு என்ன? யூத மரபில் வயலின் மூலையை அறுக்காமல் விட வேண்டும். சிந்திய கதிரைத் திரும்பப் பொறுக்கக் கூடாது. மறந்துவிட்ட கதிர்க்கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அவை ஏழைக்கும் அயலாருக்கும் உரியவை. வயல்காரர் அவற்றை ‘கொடுப்பதே’ இல்லை, அவை அவருடையவை அல்ல என்பதால். 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த அறிஞர் மைமோனிடிஸ் செதாக்காவை எட்டுப் படிகளாக வகுத்தார். மணிவியாபாரியான அவருடைய தம்பி தாவீது இந்தியக் கடலில் கப்பலோடு மூழ்கி இறந்தவர்; நம் கரையை நோக்கி வந்த வணிகப் பாதையை அந்தக் குடும்பம் துக்கத்தோடு அறியும். எட்டுப் படிகளில் கடைசி, முகம் சுளித்துக் கொடுப்பது. கேட்குமுன் கொடுப்பது அதற்கு மேலே. கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று இருவருக்குமே தெரியாமல் கொடுப்பது உச்சிக்கு ஒரு படி கீழே. உச்சியில் இருப்பது, விழப்போகிறவருக்குக் கடனோ வேலையோ கூட்டோ கொடுத்து, அவர் யாரிடமும் கை நீட்டாதபடி நிறுத்துவது. நிறுத்துதல், தாங்குதல்! ‘த்ரு’ என்ற வேரைப் படித்துவிட்டு மைமோனிடிஸைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது.

மட்டாஞ்சேரியில் செம்பிட்ட பள்ளி என்ற பழைய மசூதியும் இருக்கிறது. செம்புத் தகடு வேய்ந்த கூரையால் வந்த பெயர். அங்கே வாசலில் காசு கொடுத்தால் அது ‘சதக்கா’. அரபியின் ஸதகாவும் ஹீப்ருவின் செதாக்காவும் உடன்பிறப்புகள். அரபியில் அந்த வேருக்கு உண்மை என்று பொருள். சாதிக், சித்தீக் என்று நம் ஊரில் பெயர் வைக்கிறார்களே, வாய்மையாளர் என்ற பொருளில், அவையும் இந்த வேரின் கிளைகள். 17-ஆம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரிலும், அவர் நினைவாகப் பாளையங்கோட்டையில் நடக்கும் கல்லூரியின் பெயரிலும் இந்தக் கொடைச்சொல் வாழ்கிறது. கட்டாயக் கொடையான ஜகாத்தை யார் யாருக்குச் சேர்க்க வேண்டும் என்று குர்ஆனின் 9-ஆவது அத்தியாயம் எட்டு வகையினரைப் பட்டியலிடுகிறது. அங்கே வரும் சொல்லும் ஸதகாவின் பன்மைதான். ஆண்டு முழுதும் கையில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். அது கொடுப்பவரின் தயவைப் பொறுத்ததல்ல, கணக்கு.

குஜராத்தி ரோட்டுக்குப் போனால் 1904-இல் எழுந்த ஜைனக் கோயில். மதியம் மணி அடித்ததும் புறாக்கள் கூட்டமாக இறங்கி முற்றத்தில் தானியம் கொத்தும். நான் நின்ற அன்று ஒரு சிறுமியின் உள்ளங்கையில் இருந்த அரிசியை ஒரு புறா தின்றுகொண்டிருந்தது. அவள் மூச்சுவிடாமல் நின்றாள். கோயிலில் எழுந்தருளியிருக்கும் தீர்த்தங்கரரின் பெயர் தர்மநாதர். மாங்குளத்துச் சமணத் துறவியின் கற்படுக்கையில் தொடங்கிய சொல் இரண்டாயிரம் ஆண்டு கழித்தும் சமணக் கோயிலில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

*

கும்பளங்கியில் லத்தீன் கத்தோலிக்கர் மிகுதி. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று அவர்கள் தேவாலயங்களில் வாசிக்கும் நற்செய்தி மத்தேயு 6-ஆம் அதிகாரம். மனிதர் பார்க்க வேண்டும் என்பதற்காக அவர்கள் முன் நல்லது செய்யாதே, வலக்கை செய்வதை இடக்கை அறிய வேண்டாம் என்று இயேசு சொல்லும் பகுதி. அதன் முதல் வசனத்தில் ஒரு சுவையான சிக்கல் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மிகப் பழைய கிரேக்கப் படிகளில் அங்கே ‘திகையோசுனே’ என்ற சொல் இருக்கிறது. அதன் பொருள் நீதி. பிற்காலப் படிகள் பலவற்றில் அதே இடத்தில் ‘எலெயெமொசுனே’ இருக்கிறது. அதன் பொருள் இரக்கம், ஏழைக்கிடும் காசு. செதாக்கா என்ற ஒரே எண்ணத்துக்குள் நீதியும் கொடையும் சேர்ந்திருந்தன. கிரேக்கத்தில் அந்த இரண்டையும் தாங்கும் ஒரு சொல் இல்லை. படியெடுத்தவர்கள் ஏதோ ஒரு பக்கம் சாய வேண்டியதாயிற்று.

தமிழில் அந்தச் சங்கடமே வரவில்லை. பழைய மொழிபெயர்ப்பு ‘தர்மம்’ என்றது. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பு ‘அறச்செயல்’ என்றது. இரண்டு சொல்லிலும் நீதியும் இருக்கிறது, கொடையும் இருக்கிறது. இரண்டு பொருளை ஒரே மூச்சில் சொல்ல முடிகிற மொழி நம்முடையது. நம் முன்னோர் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஐரோப்பா அந்த எலெயெமொசுனே வழியில் போயிற்று. ஆங்கிலத்தின் ‘ஆம்ஸ்’, போர்த்துகீசியத்தின் ‘எஸ்மோலா’ எல்லாம் அந்த இரக்கத்தின் பிள்ளைகள். ‘சாரிட்டி’ லத்தீனின் ‘காரிதாஸ்’ என்ற அன்பிலிருந்து வந்தது. கொச்சியைப் போர்த்துகீசியர் ஆண்டபோது இங்கே நோயாளிக்கும் அநாதைக்கும் உதவிய அவர்களுடைய சகோதர சபைக்குப் பெயர் ‘மிசெரிகோர்தியா’. துயரம் கண்டு நெகிழும் இதயம் என்று அதை விரிக்கலாம். இன்றைய மலையாளமும் தொண்டு நிறுவனங்களை ‘ஜீவகாருண்ய’ அமைப்புகள் என்றே சொல்கிறது. வள்ளலாரும் ஜீவகாருண்யத்தை மோட்ச வீட்டின் திறவுகோலாக வைத்தவர். இரக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பசித்த முகத்தைக் கண்டு கலங்காத மனத்துக்கு நீதி பேசி என்ன பயன்? ஆனால் வள்ளலாரே 1867 மே 23-இல் வடலூரில் அடுப்பு மூட்டியபோது அந்த இடத்துக்குத் தருமச்சாலை என்று பெயர் வைத்தார். கருணையில் பிறந்ததற்குத் தருமத்தின் பெயர். கருணை ஒரு நாள் வரும், ஒரு நாள் வராமல் போகும். தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை.

*

இவ்வளவு உயரத்தில் பிறந்த சொல் நம் வாயில் எப்படித் தேய்ந்திருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். என் சிறுவயதில் அரசு மருத்துவமனையைப் பெரியவர்கள் ‘தர்மாஸ்பத்திரி’ என்பார்கள். மலையாளத்திலும் அதே சொல்தான், ‘தர்மாசுபத்திரி’. காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் இடம் என்ற நன்றியில் பிறந்த பெயர். கொஞ்ச காலத்தில் அதன் தொனி மாறியது. ‘என்ன, தர்மாஸ்பத்திரி மாதிரி இருக்கிறது?’ என்றால் அழுக்கு, கூட்டம், கேட்பாரில்லை என்று பொருள். திருப்பதியிலும் திருச்செந்தூரிலும் காசு கட்டாதவர் நிற்பது ‘தர்ம தரிசன’ வரிசை. அது நீளமான வரிசை. தெருவில் அகப்பட்டவனை ஆளாளுக்கு அடித்தால் ‘தர்ம அடி’. தாங்கி நிற்பது என்ற பொருள் போய், இலவசம், மட்டம், யாருக்கும் உரிமையில்லாதது என்றாகிவிட்டது.

கொடையைச் சுற்றிய சொற்களுக்கு இப்படி ஒரு விதி இருப்பதுபோலத் தோன்றுகிறது. பண்டாரம் என்றால் முதலில் கருவூலம், பின்பு சிவனடியார், இன்று கதியற்றவன். பரதேசி என்றால் முதலில் வெளிநாட்டார், இன்று வசை. பிச்சை என்ற சொல் பிக்ஷுக்கள் ஏற்ற ‘பிக்ஷை’. இன்று அதைவிடக் கேவலம் இல்லை. ஏழையின் கை பட்டதும் சொல்லின் மதிப்பைக் குறைத்துவிடுகிறோம். சொல்லில் குற்றமில்லை, நம் பார்வையின் குற்றம் அது. அறம் மட்டும் தப்பியது, வாசலில் யாரும் ‘அறம் போடுங்கம்மா’ என்று கேட்காததால். மலையாளத்திலோ அந்தச் சொல் ‘அறம் பற்றுக’ என்ற வழக்கில்தான் முக்கியமாக உயிரோடு இருக்கிறது. சொன்ன சொல் தீங்காகப் பலித்துவிடுவதற்கு அப்படிச் சொல்வார்கள். நாம் ‘அறம் பாடுதல்’ என்கிறோமே, அதன் உறவு. அறம் தவறினால் சுடும் என்ற பழைய அச்சம் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்று ஒரு பழமொழி. தானத்தையும் தருமத்தையும் அது ஒரே கட்டாகக் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. தானம் ‘தா’ என்ற வடமொழி வேரில் பிறந்த கொடுத்தல், மிஞ்சியதிலிருந்து கொடுக்கலாம். தருமம் மிச்சத்தில் தொடங்குவதல்ல. அளக்கும்போதே ஒதுக்கி வைப்பது. தமிழ்நாட்டுக் களத்துமேட்டில் அது நடந்திருக்கிறது. நெல் அளக்கும்போதே வெட்டியான், தலையாரி, வண்ணார், நாவிதர் என்று ஊருக்கு உழைத்தவர்களின் பங்கைத் தனியே ஒதுக்கினார்கள். அந்தப் பங்குக்குப் பெயர் மேரை. இன்னொரு பெயர் ‘சுதந்திரம்’. ஆம், 1947-இல் நாம் பெற்ற அதே சொல். களத்து நெல்லில் தனக்குரியதைப் பெறும் உரிமைக்கு அந்தக் காலத்தில் சுதந்திரம் என்று பெயர். சாதியின் கொடுமை அந்தக் களத்தில் இருந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. பங்கு வாங்கப் போனவரைத் தள்ளி நிறுத்தித்தான் அளந்தார்கள். ஆனால் வாங்கியதற்கு வைத்த பெயர் பிச்சையல்ல.

கும்பளங்கியில் இன்றும் ஏறக்குறைய அதுபோல ஒன்று நடக்கிறது. அங்கே உப்புநீர் தாங்கும் பொக்காளி நெல் விளையும். மழைக்காலத்தில் நெல், அறுவடை முடிந்ததும் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அதே வயலில் தண்ணீர் கட்டி இறால் வளர்ப்பு. அதுதான் கெட்டு. விஷுவை ஒட்டிக் குத்தகைக் காலம் முடியும். குத்தகைக்காரர் தம் பங்கைப் பிடித்து முடித்தபின், எஞ்சிய மீன் ஊருக்கு. பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள் எல்லோரும் சட்டியும் வலையுமாகச் சேற்றில் இறங்கித் தண்ணீரைக் கலக்கி, கலங்கலில் மேலே வரும் மீனைக் கையால் பிடிப்பார்கள். ‘கெட்டு கலக்கல்’ என்று பெயர். யாரும் யாரிடமும் கேட்பதில்லை. யாரும் யாருக்கும் நன்றி சொல்வதில்லை. இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு ஒரு பாட்டி கரிமீனைத் தூக்கிக் காட்டிச் சிரித்தால், அதில் வெட்கம் எங்கே இருக்கிறது? வயலின் மூலையை அறுக்காமல் விடச் சொன்ன எபிரேய வேதத்தை அந்தச் சேற்றில் இறங்குகிறவர்கள் நினைத்துக்கொண்டு இறங்குவதில்லை. அதன் பொருளை அவர்களுடைய முழங்கால்கள் அறியும்.

*

இப்போது அம்மச்சியின் வாசலுக்குத் திரும்பலாம். தர்மக்காரன் என்ற சொல் தலைகீழாக இருப்பதாக எனக்குப் பட்டது என்றேன். நம்மிடமே அதுபோல ஒரு சொல் இருப்பதை மறந்துவிட்டேன்: கடன்காரன். கடன் வாங்கியவனும் கடன்காரன்தான், கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டு வாசலில் நிற்பவனும் கடன்காரன்தான். ‘கடன்காரன் வந்து நிற்கிறான்’ என்றால் வந்து நிற்பவன் ஏழையல்ல. அவனுடையது நம்மிடம் இருக்கிறது, அதனால் வந்திருக்கிறான். கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்ற பொருளும் உண்டு. கடமையே அந்த வேரில் பிறந்தது.

அப்படியானால் தர்மக்காரன் என்ற சொல்லில் பிழை ஏதுமில்லை. தர்மம் என்பது நாம் கொடுக்கும் பொருள் என்று நினைத்ததால்தான் எனக்கு அது தவறாகக் கேட்டது. தர்மம் அவருடையது. அது நம் சன்னல் திண்டில் ஒரு டின்னில் ஒரு வாரம் இருந்தது, அவ்வளவுதான். மலையாளம் அந்த ஏழையைத் தர்மத்தை உடையவன் என்று அழைக்கிறது. வீட்டுக்காரன், கடைக்காரன், பணக்காரன் என்று உடையவரை அழைக்கும் அதே விகுதியைக் கொண்டு. அதைச் சொல்கிறவர்களில் பலர் இதை யோசித்திருக்க மாட்டார்கள். வசையாகச் சொல்கிறவர்களும் உண்டு. சொல் அவர்களைவிட நியாயமானது.

அடுத்த வெள்ளிக்கிழமை நான் புறப்படும் நாள். பெரியவர் வந்தபோது பேரன் பள்ளிக்கூடம் போயிருந்தான். அம்மச்சி டின்னை என் கையில் கொடுத்தார். என் சட்டைப்பையிலிருந்து ஒரு நூறு ரூபாயையும் சேர்த்து எடுத்துக்கொண்டு முற்றத்தில் இறங்கினேன். பெரியவர் நாணயங்களை எண்ணாமல் பைக்குள் போட்டார். ரூபாய் நோட்டைக் கண்டதும் தயங்கி அம்மச்சியின் முகத்தைப் பார்த்தார்.

“அதும் சேட்டன்டெதா” என்றார் அம்மச்சி. அதுவும் உங்களுடையதுதான்.

அதன் பிறகே வாங்கிக்கொண்டார்.